யோசனைக்காரனின் மழைக்காலம்

வால்பாறைக்குக் குடிபோனபோது நான் கொண்டுபோனவற்றில் கடைசிவரை உதவியது பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றுதான். ஈர ஷூவுக்குள் திணித்து வைக்கலாம். மற்றபடி விலை கூடிய மழைக்கோட்டு, தோல் பெல்ட், புத்தகங்கள் என்று எல்லாவற்றின் மேலும் ஆடி முடிவதற்குள் பூஞ்சை படர்ந்துவிட்டது. கேமராவில் லென்ஸுக்கு உள்ளேயே படர்ந்திருந்தது. மழைக்காட்டைப் படம்பிடிக்க வாங்கிய கருவிக்குள் மழைக்காடே குடியேறிவிட்டது.

ஊரைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டுதான் பஸ் ஏறினேன். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 3,500 அடி உயரம், 1890களில் காட்டை வெட்டித் தோட்டம் போட வந்த கார்வர் மார்ஷ், கொட்டித் தீர்க்கும் சின்னக்கல்லாறு மழை என்று குறிப்பு எடுத்து மனப்பாடம் செய்திருந்தேன். ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூவின் பெருமையைப் பக்கத்து இருக்கைப் பெரியவருக்கு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இன்னும் சில வளைவுகள் போனதும் மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து என்னிடம் நீட்டி, "மோந்துக்கிட்டே வாங்க தம்பி, பேசாதீங்க" என்றார். அவர் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர் என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது.

புதுத்தோட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு மளிகைக் கடை மாடியில் அறை கிடைத்தது. உப்பைக் கண்டால் அட்டை விழுந்துவிடும் என்று படித்திருந்ததால், சாக்ஸுக்குள் கைநிறைய உப்பைக் கொட்டிக்கொண்டு சோலைக்குள் நுழைந்தேன். சிறிது நேரத்து மழையில் உப்பெல்லாம் கரைந்து, கால் ஊறுகாய்ப் பதத்துக்கு வந்தது. கரையட்டும் என்று காத்திருந்த மாதிரி அதற்குப் பிறகுதான் அட்டைகள் ஏறின. வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, "பொகயிலத் தூள எண்ணெயில கொழச்சுத் தடவிக்கிட்டுப் போறது தம்பி. உப்பு விக்கிற வெலைக்கு..." என்றார். உப்பு அவர் கடையில் வாங்கியதுதான்.

சோலைமந்தி விஷயத்தை எழுதத்தான் கை கூசுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத குரங்கு அது. தேயிலைக்காகக் காடு துண்டு துண்டாகிப்போனதால், அது மரத்தைவிட்டு இறங்கி ரோட்டைக் கடக்கவும் வீடுகளுக்குள் நுழையவும் நேர்ந்ததைப் பற்றி உருக்கமாகக் கட்டுரை எழுதியவன் நான். குரங்குகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் தொங்கு பாலத்தைப் புகழ்ந்து தனியாக ஒரு பத்தியே வைத்திருந்தேன். அப்படி ஒரு காலையில் பிடரி மயிரும் கரிய முகமுமாக ஒரு சோலைமந்தி ஜன்னல் வழியே வந்து என் இட்லியில் கை வைத்தது. நான் செருப்பைக் கழற்றி எறிந்தேன். அது குரங்கின் மேல் படவில்லை. கீழே கடை வாசலில், முட்டை அட்டையின் மேல் போய் விழுந்தது. முட்டைக்குக் காசு கொடுத்தேன். கட்டுரையை மட்டும் இன்றுவரை திருத்தவில்லை.

யானை விஷயத்தில் உயிர் தப்பியது என் சாமர்த்தியத்தால் அல்ல. தோட்டங்களுக்கும் காட்டுத் துண்டுகளுக்கும் நடுவே யானைகள் நடமாடும் ஊர் இது. ரேஷன் கடைச் சுவரையும் சத்துணவுக் கூடத்தையும் இடித்து அரிசி தின்பது பழைய கதை. மூடுபனியில் யானையை நேருக்கு நேர் முட்டிக்கொண்டு மனிதர்கள் சாகக் கூடாதே என்று, அது நிற்கும் இடத்தை எஸ்.எம்.எஸ்.சிலும் கம்பத்துச் சிவப்பு விளக்கிலும் முன்கூட்டியே தெரிவிக்கும் ஏற்பாட்டை காட்டுயிர் ஆய்வாளர் ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் செய்தார்கள். அதற்காக அவருக்கு 2015இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. இதுவும் என் குறிப்பேட்டில் இருந்தது. ஆனால் ஒரு மாலை, பனிக்குள் சிவப்பாக மின்னியதை செல்போன் டவர் விளக்கு என்று நினைத்து நடந்துகொண்டே இருந்தேன். "சார், லைட் எரியுதுல்ல, எங்க போறீங்க?" என்று டீக்கடைக்காரர் ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். ராத்திரி வெகுநேரம்வரை அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்து, விட்லி விருது பற்றி அவருக்கு விளக்கினேன். பக்கத்தில் எங்கோ கிளை முறிந்தபோதெல்லாம் விளக்கத்தை நிறுத்திக்கொண்டேன்.

இவையெல்லாம் சில்லறைத் தோல்விகள். மொத்த வியாபாரமாகத் தோற்றது யோசனை சொல்லப் போன இடத்தில்.

2001 கணக்கெடுப்பில் வால்பாறையின் மக்கள்தொகை சுமார் 95,000. அடுத்த 10 ஆண்டுகளில் அது 71,000 அளவுக்கு இறங்கியது. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். கொழுந்தெடுக்க ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வீட்டுக்காரம்மா கடைக்கணக்கை இந்தியில் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். இந்த இறக்கத்தைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பை, யாரும் கேட்காமலே நான் ஏற்றுக்கொண்டேன். வீட்டுக்காரம்மாவின் தங்கை எஸ்டேட்டில் வேலை செய்கிறார். அவருடைய மகள் பி.காம். முடித்தவள். அவளும் சில பையன்களும் லைன் வீட்டு வாசலில் கூடினார்கள். நான் நோட்டைப் பிரித்தேன்.

முதல் யோசனை ஹோம்ஸ்டே. "வீடு எஸ்டேட்டோடது சார். அம்மா ரிடையர் ஆனா சாவியக் குடுத்துறணும்" என்றாள் அந்தப் பெண். இரண்டாவதாக, நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றலாம் என்றேன். "ஏத்தியிருக்காங்களே சார். மரமும் அவங்களோடது, மொளகும் அவங்களோடது" என்றான் ஒருவன். நான் தினமும் அந்த மிளகுக்கொடிகளைத் தாண்டித்தான் நடந்துபோயிருக்கிறேன். குறிப்பேட்டில் அது மட்டும் ஏறவில்லை. காய்கறி போடலாம் என்று இழுத்தேன். எங்கே என்று யாரும் கேட்கவில்லை, மரியாதைக்காக. வாசலிலிருந்து பார்த்தால் எல்லாப் பக்கமும் தேயிலைதான் தெரிந்தது.

பின்வரிசைப் பையன் ஒருவன், "மாஞ்சோலையில என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல சார்?" என்றான். பார்த்திருந்தேன். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த தோட்டம். குத்தகை முடிவது 2028இல். அதற்கு முன்பே, 2024இல், தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் வெளியேறச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்தவர்கள் எங்கே போவது என்று நீதிமன்றம்வரை போனார்கள். இதற்குப் பதிலாகச் சொல்ல என் நோட்டில் யோசனை எதுவும் இல்லை. காளான் வளர்ப்பு என்று ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொன்னேன். நிலமே வேண்டாம் என்றேன். "ஒங்க பெல்ட்டுல வளர்றதுதான சார்?" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்துக் கலைந்தது. அன்றைக்கு அவர்களுக்கு நான் செய்த ஒரே நன்மை அதுதான்.

தோட்டத்தில்தானே நிலம் இல்லை, காட்டில் இருக்குமே என்று காடர் பழங்குடிகளின் குடியிருப்பு ஒன்றுக்குப் போனேன். காட்டின் சிறு விளைபொருட்களைச் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்குத் தருகிறது. தேனைப் பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டினால் சென்னையில் என்ன விலை போகும் தெரியுமா என்று ஆரம்பித்தேன். மூப்பர் முழுவதையும் கேட்டார். பிறகு நான் வந்த பாதையைக் காட்டி, "இதுல பாட்டில் ஒடையாம வருமா சார்?" என்றார். வரும் வழியில் வழுக்கி விழுந்து என் கண்ணாடியே உடைந்திருந்தது. உடம்புக்கு முடியாதவர்களைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு போகும் பாதை அது. கல்லார்குடிக் காடர்கள் 2019 மழையில் மண் சரிந்து வீடுகளை இழந்து, காட்டுக்குள்ளேயே தெப்பக்குளமேட்டில் மாற்றிடம் கேட்டுப் போராட வேண்டியிருந்ததையும் அவர்தான் சொன்னார். காடு முழுக்கத் தெரிந்தவர்கள், அதில் குடிசை போடக் கையளவு இடத்துக்கு மனுக் கொடுத்திருக்கிறார்கள். நான் லேபிளின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது எனக்குக் கொஞ்சம் தேன் கொடுத்து அனுப்பினார்கள். அதை அறையில் திறந்து வைத்துவிட்டேன். முன்னே சொன்ன சோலைமந்தியோ அதன் உறவினரோ வந்து பாத்திரத்தை வழித்துவிட்டுப் போனது. இந்த முறை நான் செருப்பை எடுக்கவில்லை. மழையில் அது ஏற்கெனவே பிய்ந்துபோயிருந்தது.

மழை ஓய்கிற சமயத்தில் அந்த பி.காம். பெண் ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள். கோவையில் ஏதோ அலுவலக வேலை. இங்கிலீஷில் நிரப்பித் தரச் சொன்னாள். என்னாலும் ஒரு காரியம் ஆகப்போகிறது என்று உற்சாகமாகப் பேனாவைத் திறந்தேன். நிரந்தர முகவரி என்ற இடத்தில் அவர்களுடைய லைன் வீட்டு எண், டிவிஷன், எஸ்டேட் பெயர் எல்லாவற்றையும் அழகாக எழுதினேன்.

"ஐயோ சார், அம்மாவுக்கு அடுத்த வருசம் ரிடையர்மென்ட்டு. அந்த அட்ரஸுக்கு லெட்டர் வந்தா யாரு வாங்குவா?"

"உங்க பாட்டி காலத்திலேருந்து இங்கதானேம்மா இருக்கீங்க?"

"ஆமா சார்" என்றாள். அதற்குமேல் சொல்ல அவளுக்கு ஒன்றும் இல்லை.

ஒயிட்னர் தடவினேன். வால்பாறை ஈரத்தில் ஒயிட்னர் காயுமா? காயாமலே மேலே எழுதினேன். மையும் வெள்ளையும் குழைந்து, மடித்தபோது எதிர்ப்பக்கத்தில் இருந்த அவள் மதிப்பெண்களின் மேலும் அப்பிக்கொண்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் புதிதாகப் பிரின்ட் எடுத்துவந்து, தானே நிரப்பினாள். இங்கிலீஷ் என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. நிரந்தர முகவரியில் சங்கரன்கோவில் பக்கம் ஒரு ஊர். தாத்தாவின் ஊராம். கோயில் கொடைக்குச் சின்ன வயதில் போனதாம்.

பிரின்ட்டுக்கு ஆன பத்து ரூபாயை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. வீட்டுக்காரம்மா, "வாடகையில சேத்துக்கிறேன் தம்பி" என்றார். சேர்த்தும்விட்டார், முட்டைக் கணக்குக்குக் கீழே.