பொட்டிக்கும் ரோசமிருக்கு

ஏலே பேராண்டி, இங்க வா. வெளையாட்டு நடுவுல கம்ப்யூட்டர் படக்குன்னு அணைஞ்சதுக்கு ஒங்க அம்மைய எதுக்குல ஏசுத? பொட்டிய அலமாரிக்குள்ள தள்ளி, தூசி விழாம மேல துண்டையும் போத்தி வச்சது நீதான? சித்திரை வெயிலுக்கு அது காணுமால? ஒரு கம்பளியும் வாங்கித் தாரேன்.

சில்லு சூடேறுனா மொதல்ல வேகத்தைக் கொறச்சுப் பாக்கும். ஒனக்கு வெளையாட்டு திக்கித் திக்கி ஓடுச்சுல்லா, நீ நெட்டுக்காரனுக்குப் போன் போட்டுக் கத்துன பாரு, அது அப்பத்தான். பல இன்டெல் சில்லுக்கு 100 டிகிரி எல்லை, ரைசன்ல பலதுக்கு 95. அதைத் தாண்டியும் சூடு அடங்கலைன்னா யாரையும் கேக்காம கரண்ட வெட்டிரும். எல்லாச் சில்லுக்கும் அந்தப் புத்தி முன்னாடி கெடையாது. 2001-ல ஓடுத மிஷின்ல ஹீட்சிங்க்கக் கழட்டிப் படம் புடிச்சுக் காட்டுனாவ. பென்டியம் 4 நடையத் தளத்திப் பொழச்சுக்கிட்டு. அத்லான் புகைஞ்சு செத்துப்போச்சு.

நீ என்னடான்னா பயாஸுக்குள்ள போயி அந்தக் காவலையே எடுத்துருதேங்க. பேஷ்! நம்ம மேலத்தெரு மச்சானும் இப்படித்தான், மோட்டார் ரிலே அடிக்கடி விழுதுன்னு ஸ்டார்ட்டர்ல குச்சியச் சொருகிட்டு டீக்கடைக்குப் போனாரு. திரும்பி வாரதுக்குள்ள காயில் கருகிட்டு. ரீவைண்டிங் கடைக்காரன் இன்னைக்கும் அவரைக் கண்டா எந்திரிச்சு நின்னு கும்புடுதான்.

எல்லைய ஏத்தாதல, எறக்கு. சில்லு தானா வெட்டுனா நீ எழுதிட்டு இருந்ததும் சேந்து போயிரும். அதுக்கு முன்னயே, 90-ல, எல்லாத்தையும் ஒழுங்கா மூடிப் படுக்கச் சொல்லு. விண்டோஸுக்குக் கோர் டெம்ப்னு ஒண்ணு இருக்கு, சூடு மிஞ்சுனா அணைக்கச் சொல்லி அதுல வைக்கலாம். லினக்ஸுன்னா சின்ன ஸ்கிரிப்ட் போதும், அரை நிமிசத்துக்கு ஒருக்கா சூட்டைப் பாக்கச் சொல்லு. அங்க 85000-ன்னு காட்டும். ஊரே எரியுதுன்னு ஓடிராத, ஆயிரத்தால வகுத்துக்க.

கெழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. நீ காலேஜுக்குப் போன பொறவு பொட்டி முன்னால உள்ள நாக்காலி சும்மாவா கெடக்கு?

சரி, அணைக்கிறது அவசரத்துக்குத்தான். துண்டை உருவு, பொட்டிய வெளிய எடு, கரண்டப் புடுங்கிட்டு மூடியக் கழட்டு. ஹீட்சிங்க் இடுக்குல மெத்தை தைக்கப் பஞ்சு கெடக்கும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் எறக்கைய வெரலால புடிச்சுக்க, காத்துல கண்டபடி சுத்துனா பேரிங் போயிரும். அத்தனைக்கும் பொறவும் சூடு கொறையலைன்னா சில்லுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவுல உள்ள பழைய பேஸ்டத் தொடச்சுட்டுப் புதுசு வை. பட்டாணி அளவு போதும், தோசைக்குச் சட்னி மாதிரி ஊத்தாத.

இதெல்லாம் தொழுவத்துப் பக்கம் வச்சுச் செய்யி. ஒங்க அம்மை இப்பத்தான் முத்தத்தைத் தூத்துட்டு உள்ள போயிருக்கா. வாரியல் இன்னும் கையிலதான் இருக்கு.