குசினித் தட்டி

குசினித் தட்டி என்பது, வீட்டு நாய் குசினிக்குள்ளும் சாமி அறைக்குள்ளும் போகாதபடி உள்வாசலின் குறுக்கே நிறுத்தப்படும் தாழ்வான தடுப்பு. வசதியுள்ள நாடுகளில் இதைக் கடையில் வாங்குகிறார்கள். ஆனையிறவுப் பக்கத்தில் வீட்டிலேயே கட்டுகிறார்கள். கட்டிய பிறகு திருத்துகிறார்கள். முதல் திருத்தம் நாய் மேலால் பாய்ந்ததால் வருவது. இரண்டாவது, அது கீழால் புகுந்ததால். மூன்றாவது, அம்மம்மாவின் கால் தடக்கியதால். மூன்றாவது திருத்தத்தோடு தட்டி உயரம் குறைந்து, விஷயம் முதலாவதுக்கே திரும்பிவிடும்.

ஆனையிறவுக்குத் தடுப்பு புதிய சங்கதி அல்ல. வன்னிப் பெருநிலத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் இணைக்கும் ஒடுங்கிய கழுத்து இது. ஆழமில்லாத கடலேரியை யானைகள் நடந்தே கடந்த இடம் என்பதைப் பெயரே சொல்கிறது. போவோர் வருவோரைக் கவனிக்க ஒல்லாந்தர் இங்கே கோட்டை வைத்தார்கள். பிறகு இராணுவ முகாம் வந்தது. உள்நாட்டுப் போரில் 1991 இலும் 2000 இலும் பெரும் சண்டைகள் நடந்தன. 2009 ஜனவரியில் இடம் மறுபடி கைமாறியது. ஏ-9 வீதியில் சோதனைச் சாவடிகளில் மனிதர்கள் பையைத் திறந்து காட்டிவிட்டு வரிசையில் நின்ற காலம் நெடியது. அந்த வரிசைக்குப் பக்கத்தால், அடையாள அட்டை இல்லாமல், அவசரமும் இல்லாமல் நடந்து போனது ஊர்நாய் ஒன்றுதான். அப்படிப்பட்ட பரம்பரையை மூன்று பனைமட்டையால் மறிக்கலாம் என்று நினைப்பவருக்குத் தன்னம்பிக்கை வேண்டும்.

உள்ளே தடுப்பு தேவைப்பட்டதற்குக் காரணம் நாய் மாறியதல்ல, வீடு மாறியது. முன்னைய வளவுகளில் குசினி தனிக் கொட்டில். அதற்கென்று ஒரு படலை இருக்கும். நாய்க்கும் மீன் சட்டிக்கும் நடுவில் ஒரு முற்றம் இருக்கும். வளவைச் சுற்றிக் கதியால் வேலி, அந்த வேலியில் நாய் தன் பாவனைக்கு வைத்திருக்கும் ஒரு பொட்டு. எல்லாருக்கும் அவரவர் வழி. போர் முடிந்து மீளக்குடியேறியபோது வந்தவை வீட்டுத்திட்ட வீடுகள். இந்திய அரசின் திட்டத்தில் கட்டப்பட்டவை ஏறக்குறைய 550 சதுர அடி. இரண்டு அறை, ஒரு விறாந்தை, அதே கூரைக்குக் கீழே குசினி. விறாந்தையில் படுத்திருக்கும் நாய்க்கும் அடுப்படிக்கும் உள்ள தூரம் சில எட்டுக்களாகச் சுருங்கிவிட்டது. திட்டம் வரைந்தவர்கள் குடும்ப அங்கத்தவரைக் கணக்கெடுத்தார்கள், நாயை எடுக்கவில்லை.

நாய் உள்ளே வரும் காரணங்கள் பருவத்தோடு மாறும். வெயில் காலத்தில் குளிர்ந்த சீமெந்து நிலத்துக்காக வரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நனைந்த மண்ணோடு வந்து, நடுவீட்டில் நின்று உடம்பை உதறும். இடி முழக்கத்துக்கும் சீனவெடிக்கும் பயந்து வரும். அந்த நேரத்தில் எந்தத் தட்டியும் தாங்காது, தாங்கினால் நாயின் பல்லோ நகமோ உடையும் என்பதால் அன்றைக்கு மறிக்காமல் விடுவதே புத்தி. கடலேரி இறாலுக்கும் கருவாட்டுக்கும் மட்டும் பருவம் பார்க்காமல் வரும்.

உயரம்தான் முதல் சிக்கல். குட்டிக்கும் கிழட்டு நாய்க்கும் இரண்டரை அடி போதும். நல்ல வயதில் இருக்கும் ஊர்நாய் மூன்றடியை ஓடிவந்து தாண்டும். ஓடிவர இடம் இல்லாமல் செய்வது உயரத்தைக் கூட்டுவதைவிட மலிவு. ஒடுங்கிய வாசலுக்கு முன்னால் ஒரு வாங்கைக் குறுக்கே போட்டாலே பாய்ச்சல் பாதியாகிவிடும். ஆனால் வாங்கு தட்டியோடு ஒட்டி இருக்கக் கூடாது. ஒட்டி இருந்தால் அது நாய்க்குப் படிக்கட்டு.

பொருள் விஷயத்தில் பனைமட்டைக்கு நிகர் இல்லை. கிடைக்கும், கனம் இல்லை, கறையான் வரும்வரை நிற்கும். மட்டையின் இரு ஓரத்திலும் வாள்பல்லைப் போல் இருக்கும் கறுக்கைக் கத்தியால் முழுக்கச் சீவிவிட வேண்டும். சீவாத மட்டை வெளிவேலிக்குச் சரி. வீட்டுக்குள் அது நாயின் மூக்கை விட மனிதரின் சாரத்தையும் சேலையையும்தான் கிழிக்கும். மட்டைகளை நெடுக்காக நிறுத்தி, குறுக்கே வரிச்சுப் பிடித்துக் கட்டுவது வழமை. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வரிச்சு குசினிப் பக்கம் இருக்க வேண்டும். நாயின் பக்கம் இருந்தால் முன்னங்காலை முதல் வரிச்சில் வைத்து, பின்னங்காலைத் தேடி வைத்து, ஏணியில் ஏறும் மேசன் போல் நிதானமாக ஏறி வரும். மட்டைக்கும் மட்டைக்கும் இடைவெளி மூன்று விரலுக்கு மேல் போகக் கூடாது. குட்டி தலையை நுழைத்துப் பார்க்கும். தலை போனபின் உடம்பு போகும், அல்லது இரண்டும் போகாமல் நடுவில் நின்று ஊரைக் கூட்டும்.

பழைய மீன்வலையை இழுத்துக் கட்டலாம் என்று ஒரு யோசனை ஒவ்வொரு வீட்டிலும் எழும். வேண்டாம். நாய் கடித்து நூலை விழுங்கும், கால் சிக்கி இழுபடும். முள்ளுக்கம்பியும் அப்படித்தான், இந்த மண்ணில் அது எவ்வளவு மலிந்து கிடந்தாலும் வீட்டுக்குள் வரத் தேவையில்லை. எச்சரிக்கையாகச் சிவப்புத் துணி கட்டுவதிலும் பயனில்லை. நாயின் கண் நீலத்தையும் மஞ்சளையும் பிரித்தறியும். சிவப்பு அதற்கு மங்கிய ஒரு நிறம், அவ்வளவுதான்.

அடுத்தது பிணைச்சல். ஆனையிறவில் இரும்புப் பிணைச்சல் போடுவது காசைக் காற்றில் விடுவது. போரால் நின்றுபோய் மறுபடி இயங்கும் உப்பளமும் கடலேரியும் அக்கம்பக்கத்தில் இருக்க, உப்புக்காற்று ஆணியைக்கூட விட்டுவைக்காது. துருப்பிடித்த பிணைச்சல் நடுச்சாமத்தில் கிறீச்சிடும், நாய் குரைக்கும், அயல்வீட்டு நாய் பதில் சொல்லும். பழைய சைக்கிள் ரயரை நான்கு விரல் அகலத்துக்கு வெட்டி ஆணி அறைந்தால் சத்தமும் இல்லை, துருவும் இல்லை, செலவும் இல்லை. ஆணி மட்டும் கல்வனைஸ் ஆணியாக இருக்கட்டும். கொழுக்கியைக் குசினிப் பக்கமாக, மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே போட வேண்டும். மேலே தூக்கித் திறக்கும் கொழுக்கியை மூக்கால் தட்டப் பழகிய நாய்கள் உண்டு. கீழ் விளிம்புக்கும் நிலத்துக்கும் இடையில் இரண்டு விரலுக்கு மேல் விடக் கூடாது. சீமெந்தை நாய் தோண்டாது, தட்டியை மூஞ்சியால் நெம்பும்.

இத்தனை கவனத்தோடு கட்டிய தட்டியும் தோற்கும். தோற்பது பனைமட்டையால் அல்ல, ஆட்களால். தண்ணீர் குடிக்க வந்த பிள்ளை திறந்துவிட்டுப் போகும். தேத்தண்ணியோடு இரண்டு கையும் நிறைந்து வரும் ஐயா முழங்காலால் தள்ளிவிட்டு வருவார், திரும்பிப் பார்க்க மாட்டார். விருந்தாளிக்கு அது படலை என்றே தெரியாது. நாய் இதையெல்லாம் விறாந்தையில் தலையைக் காலில் வைத்தபடி ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு குசினியில் சட்டி உருளும் சத்தம், “ஆரடா தட்டியைத் திறந்து விட்டது?” என்று அம்மம்மாவின் குரல். ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை. இறால் ஏற்கெனவே விசாரணைக்கு அப்பால் போயிருக்கும்.

தட்டியை மட்டும் நம்பாமல், நாயை வாசற்கோட்டில் நிறுத்தி, “இரு” என்று சொல்லி, இருந்ததற்கு ஒரு துண்டு ரொட்டி கொடுத்துப் பழக்கினால் பெரும்பாலான நாய்கள் தட்டி திறந்திருந்தாலும் கோட்டைத் தாண்டாது. சில வாரம் எடுக்கும், வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். நாய் படித்துவிடும்; எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்வதுதான் கடினம். ஆகவே அதுவரை, குசினியை விட்டுக் கடைசியாக வெளிக்கிடுகிறவர் சட்டியை மூடி, கொழுக்கியைப் போட்டுவிட்டு வரவும்.