பெட்டிஷன் அண்ணன்

அம்பத்தூர் எஸ்டேட்டோ ஓசூரோ, எந்த பிரஸ் ஷாப்பிலும் போய் "இங்கே பெட்டிஷன் அண்ணன் யாருப்பா?" என்று கேளுங்கள். நாலு விரல் ஒரே பக்கம் நீளும். (பத்து விரலும் இருக்கிறவர்கள் அதிகம் இருந்தால், அது அவரால்தான்.)

சட்டைப்பையில் ஒன்றுக்கு இரண்டாகப் பேனா. செல்போனில் பேரன் பேத்தி படம் இராது. தோல் உரிந்த வயர், அட்டைப்பெட்டி அடுக்கி மறைத்த தீயணைப்பான், பூட்டுப் போட்ட அவசர வழி என்று கேலரி நிறைந்திருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியைத் தேட மாட்டார். சீரியல் பல்புக்கு எங்கிருந்து கனெக்‌ஷன் எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, பெண்ணின் அப்பாவிடம் மெயின் ஸ்விட்ச் எங்கே என்று விசாரிப்பார்.

அவர்மேல் மற்றவர்களுக்கு ஏன் கடுப்பு என்று புரிய, பவர் பிரஸ்ஸைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒருசேர அழுத்தினால்தான் அது இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருக்கும்போது விரல் டைக்குள் இருக்க வழியில்லை, சூட்சுமம் அவ்வளவுதான். நம் ஆட்கள் ஒரு பட்டனில் குச்சியைச் செருகிவிடுவார்கள். ஒரு கை மிச்சம், ஷிப்டுக்கு பீஸ் கூடுதல். குச்சி செருகியவனை சூப்பர்வைசர் முதுகில் தட்டிக்கொடுப்பார். குச்சியைப் படம் எடுத்தவரிடம்தான், "உனக்கு வேற பொழப்பே இல்லையா?" என்பார்.

அதே ஆட்கள் டீ நேரத்தில் ஒவ்வொருவராக வந்து அவர் காதோரம் நிற்பார்கள். "அண்ணே, அந்த கிரைண்டர்ல கார்டு இல்லண்ணே. ஒரு வார்த்தை எழுதிப் போடுங்க. என் பேரு மட்டும் வேணாம்."

பேர் வெளியே வரக்கூடாது என்று சட்டமும் நினைத்தது. போபாலுக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் இரண்டு பிரிவுகளைச் சேர்த்தார்கள். பாதுகாப்புக் குறையைத் தொழிலாளி நேராக ஆய்வாளரிடமே முறையிடலாம் என்றது 111ஏ. முறையிட்டது யார் என்று ஆய்வாளர் மூச்சு விடக்கூடாது, புகாரின் பேரில்தான் வந்தேன் என்றுகூட முதலாளியிடம் சொல்லக்கூடாது என்றது 118ஏ. ஆய்வாளரும் சொல்லமாட்டார். ஆனால் கேட்டுக்குள் நுழைந்தவர் ஆபீஸுக்குப் போகாமல் நேராக மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்குப் போய்க் குச்சியைப் பிடுங்கினால், எழுதியது யார் என்று கேன்டீன் பூனைக்குக்கூடத் தெரிந்துவிடும்.

இதையெல்லாம்கூட மன்னித்தார்கள். மன்னிக்காதது டிபன் கேரியர் விவகாரத்தை.

வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை. இருநூறு தொட்டால் எல்லோருக்கும் எவர்சில்வர் டிபன் கேரியர் என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. அன்றிலிருந்து விபத்து நடப்பது நின்றதோ இல்லையோ, விபத்தைச் சொல்வது நின்றது. நூற்றுத் தொண்ணூற்றேழாம் நாள் ஒரு பையனின் கட்டைவிரல் கிழிந்தது. ரத்தம் நிற்பதற்குள் கதை தயாராகிவிட்டது: "சைக்கிள் செயின்ல மாட்டிக்கிட்டேன்னு சொல்லிடுடா." பையனிடம் சைக்கிளே கிடையாது. அண்ணன் விபத்துப் பதிவேட்டை எடுத்து, தேதி, நேரம், மெஷின் நம்பர் போட்டு எழுதி, பையனிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார். பலகை பூஜ்யத்துக்கு வந்தது. டிபன் கேரியருக்குச் சமையலறை அலமாரியில் இடம் ஒதுக்கி வைத்திருந்த குடும்பங்கள் அவருக்குக் கொடுத்த சாபத்தை அச்சில் போட முடியாது. கட்டைவிரல் பையனின் அம்மாவும் அதில் சேர்த்தி.

மார்ச் 4 வந்தால் மட்டும் எல்லோரும் அவர் கட்சி. தேசியப் பாதுகாப்பு மன்றம் 1966இல் தொடங்கிய நாள் அது. சட்டையில் பேட்ஜ், கையை நீட்டி உறுதிமொழி, அப்புறம் மிக்சரும் லட்டும். வாசகப் போட்டியும் உண்டு. மற்றவர்கள் எதுகை மோனையோடு எழுதிக் கொடுக்க, அண்ணன் எழுதியது: "அவசர வழிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது?" நடுவர்கள் கலந்தாலோசித்து ஆறுதல் பரிசு கொடுத்தார்கள். சாவியைப் பற்றிப் பேச்சில்லை.

கடைசியில் புது மேனேஜர் ஒருவர் வந்தார், விவரமானவர். அண்ணனைத் திட்டவில்லை, டிரான்ஸ்ஃபர் செய்யவில்லை. பாதுகாப்புக் குழுவில் உறுப்பினராக்கி, மாலை போட்டு, சுழல் நாற்காலியும் கொடுத்தார். முதல் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு டைப் ஆகி வந்தது. 'குறை: அவசர வழிக் கதவு பூட்டியிருக்கிறது.' பக்கத்துக் கட்டத்தில், 'சரிசெய்யும் பொறுப்பு' என்ற தலைப்பின் கீழ், அண்ணனின் பெயர்.

கதவின் சாவி செக்யூரிட்டியிடம். செக்யூரிட்டி ஹெச்.ஆர். சொல்ல வேண்டும் என்பார். ஹெச்.ஆர். ஸ்டோர்ஸில் திருட்டு போகிறது, ஸ்டோர்ஸைக் கேளுங்கள் என்பார். ஸ்டோர்ஸ்காரர், "நீங்கதானே குழுவுல இருக்கீங்க, எழுதிக் குடுங்க" என்பார்.

இரண்டு மாதம் பார்த்தார். மூன்றாம் மாதம் பேனாவைத் திறந்து, சம்பந்தப்பட்ட குழு உறுப்பினர் பலமுறை நினைவூட்டியும் நடவடிக்கை எடுக்காமல் மெத்தனமாக இருப்பதாகத் தன்மேலேயே ஒரு புகார் எழுதினார். நகல், ஆய்வாளருக்கு.