பூனையின் இமையில் கொப்புளம்

கேள்வி: எங்கள் பாரசீகப் பூனையின் இமையோரத்தில் கறுத்த கொப்புளங்கள் தோன்றியுள்ளன. புற்றுநோயாக இருக்குமோ?

பதில்: அஞ்சவேண்டாம். இமையோரத்துச் சுரப்பிகளில் திரவம் தேங்கி, இத்தகைய கரிய நீர்க்கட்டிகள் உண்டாவது பாரசீக ஜாதிப் பூனைகளிடம் அதிகம் காணப்படுவதாகையால், இவை சாதுவானவையாயிருக்கவே இடமுண்டு. ஆயினும், நாயின் இமைக்கட்டி பெரும்பாலும் சாதுவாயிருக்க, பூனையின் இமைக்கட்டியோ பல சமயம் விஷமமாகவே இருப்பதாலும், வெண்ணிறப் பூனைகளுக்கு அந்த அபாயம் இன்னும் மிகுதியாதலாலும், கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்மானியாமல், ஊசியால் சிறிது திரவமெடுத்தோ திசுவை வெட்டியோ கால்நடை வைத்தியர் பரீட்சித்தல் அவசியம். நீரை வடித்துவிட்டால் கட்டி வற்றும். ஆனால், ஒருநாள் பால் வைத்த வீட்டுக்கு மறுநாளும் வரும் பூனையைப் போல் அதுவும் திரும்பிவரும். ஆகையால் கட்டியின் உறையையே சஸ்திர சிகிச்சையால் நீக்குவதோ, உறையவைத்து அழிப்பதோ, டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் தடவிக் கருக்குவதோதான் நிலையான பரிகாரம். அமிலத்தை வைத்தியர் கை மட்டுமே தொடட்டும், கண் பக்கத்திலிருக்கிறது.