கீழ போறப்ப வாங்கிக்கலாம்

"பல்புதானேண்ணே? கீழ போறப்ப வாங்கிக்கலாம்."

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் டாக்ஸி அண்ணனிடம் வண்டிக்குள் விளக்கு எரியவில்லை என்று சொல்லிப் பாருங்கள், வாய் மூடுவதற்குள் இந்தப் பதில் வரும். எல்லா அண்ணன்களையும் சொல்லவில்லை. சொல்லப்படுகிறவருக்குத் தெரியும்.

கீழே என்றால் வத்தலக்குண்டு. திண்டுக்கல்லும் கீழேதான், பழநியும் கீழேதான். அண்ணன் போகாமல் இல்லை. வாரம் தவறாமல் இறங்குகிறார். போகும்போது மலைப்பூண்டும் பேரிக்காயும் போகும். திரும்பி டம்டம் பாறை, ஊத்து தாண்டி, பெருமாள்மலையில் ஒரு டீ போட்டுவிட்டு வந்து டிக்கியைத் திறந்தால் கல்யாண வீட்டுச் சாமான் மாதிரி இறங்கும்: வெற்றிலைக் கவுளி, சிறுமலை வாழைத்தார், பிரியாணிப் பொட்டலம், மச்சினன் கொடுத்த தென்னங்கன்று. இந்தக் குளிரில் தென்னை எங்கே பிழைக்கும்? ஆனாலும் அது வரும். பல்பு வராது.

"மறந்துட்டேன்" என்று ஒரு தடவை சொன்னால் விட்டுவிடலாம். சொல்ல மாட்டார். கடை லீவு. சரக்கு தீர்ந்துபோச்சு. இருந்தது சின்ன சைஸ். 2024 மே மாதம் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததா, அதிலும் ஒரு காரணம் பிடித்தார்: செக்போஸ்டில் கூட்டமாம், அதனால் லேட்டாம். அண்ணே, பல்புக்கு இ-பாஸ் கேட்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் அது என்ன பெரிய சாமான்? சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத கண்ணாடிக் குழாய், இரு முனையிலும் கூம்பாக உலோக மூடி. 12 வோல்ட், 5 வாட் அல்லது 10 வாட். பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் 31 மில்லிமீட்டரா, 36-ஆ, 41-ஆ என்று கடைப் பையனே பார்த்து எடுத்துத் தருவான். மேல்மூடியை ஓரத்தில் நெம்பி, பழையதை உருவி, புதியதை இரண்டு தகட்டுக்கு நடுவே அழுத்தினால் தீர்ந்தது. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

அதுவரை செல்போன் டார்ச். ராத்திரி வாடகை வாங்கும்போது போனைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் நோட்டை எண்ணியபடி, "ஹூம் ஹூ ஹூம்" என்று மிச்சக் கணக்குச் சொல்வார். ஊர் சுற்ற வருகிற இஸ்ரேல்காரப் பையன்கள் அதைத் தமிழ் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

ஆள் தங்கம். முன்னால் போகிற வண்டி தெரியாத மூடுபனியிலும் வளைவுகளை மனப்பாடமாக ஓட்டுவார். எந்த நேரத்தில் கதவைத் தட்டினாலும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதனால்தான் கோபமே வருகிறது. நள்ளிரவில் மூச்சு வாங்குகிற பாட்டியைக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது இவர் வண்டிதான். பின்சீட்டில் மகள் இருட்டில் மாத்திரை அட்டையைத் தடவித் தடவித் தேடுகிறாள். எது பிரஷருக்கு, எது மூச்சுக்கு என்று எப்படித் தெரியும்? இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆளேற்றிக் காசு வாங்குகிற வண்டியில் விளக்கு எரிய வேண்டும்.

போன மாதம் அதிசயமாகப் பல்பு வந்தேவிட்டது. எல்.இ.டி. மாட்டினார், எரியவில்லை. வயரிங் போச்சு என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். சில எல்.இ.டி.க்குப் பிளஸ், மைனஸ் உண்டு, திருப்பி மாட்டிப் பாருங்கள் என்றேன். திருப்பினார், எரிந்தது. எரிந்த சந்தோஷத்தில் மூடியை ஓங்கி அழுத்த, அதன் காது ஒடிந்துவிட்டது. இப்போது மூடியும் பல்பும் டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கின்றன.

புது மூடி பழநியில் கிடைக்குமாம்.