பூமாரிப் படி

2020-ஐச் செவிலியர், மருத்துவச்சியர் ஆண்டு என்று உலகச் சுகாதார நிறுவனம் முன்கூட்டியே அறிவித்துவிட்டது. ராசியான ஆண்டுதான். கொரோனா வந்தது. மார்ச் 22 மாலை மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி சொல்ல ஊரே தட்டைத் தட்டியது. மே 3-இல் விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகளின் மேல் பூத்தூவின. கீழே சிஸ்டர்களுக்குப் பூவை முகர வழியில்லை. பிபிஇ என்ற முழுப் பாதுகாப்பு உடைக்குள் இருந்தார்கள். அதை மாட்டிவிட்டால் ஷிஃப்ட் முடியும்வரை தண்ணீரும் கிடையாது, கழிவறையும் கிடையாது. நிர்வாகத்துக்கு எவ்வளவு மிச்சம் பாருங்கள்! தட்டைத் தட்டிய கையோடு, 'வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் சிஸ்டர்' என்ற வீட்டுக்காரர்களும் உண்டு.

தமிழ்நாட்டில் தொற்றுக்காலத்தில் தொகுப்பூதியத்தில் சேர்த்த 2,000-க்கும் மேற்பட்ட செவிலியருக்கு 2022 டிசம்பர் 31-உடன் பணிநீட்டிப்பு இல்லை என்றாகிவிட்டது. போராடினார்கள். மாற்றுப் பணி தருகிறோம் என்றது அரசு; அதுவும் ஒப்பந்தப் பணிதான்.