குடும்பம் மாதிரிங்க!

பெரியவர் காலத்தில் கம்பெனிக்கு ஆள் பிடித்தார்கள். சின்னவர் டேலண்ட் அட்ராக்ட் பண்ணுகிறார். இரண்டுமே நடக்கிற இடம் ஒன்றுதான்: தன்பாத் எக்ஸ்பிரஸ் வந்து நிற்கிற நேரத்துத் திருப்பூர் ரயில்வே ஸ்டேஷன்.

சின்னவர் என்பவர் ஒரு ஆளல்ல. அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு, காங்கயம் ரோடு, எந்தப் பக்கம் போனாலும் நாலு பனியன் கம்பெனிக்கு ஒருவர் தென்படுவார். அப்பா கைமடிக்கிற பையனாகச் சேர்ந்து, சொந்தமாக நாலு மெஷின் போட்டு, எக்ஸ்போர்ட் வரைக்கும் வந்தவர். மகன் வெளியூரில் எம்.பி.ஏ. முடித்துத் திரும்பியவர். வந்ததும் முதல் வேலையாக அப்பாவின் மேஜையில் கிடந்த நீள நோட்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். யார் வீட்டில் காதுகுத்து, யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ், ஞாயிற்றுக்கிழமை குடித்துவிட்டு எவன் திங்கட்கிழமை வரமாட்டான் என்று எல்லாம் எழுதிய நோட்டு. அந்த இடத்தில் லேப்டாப் வந்து உட்கார்ந்தது. லேப்டாப்பில் இருப்பது எம்ப்ளாயர் பிராண்ட்.

இந்தச் சங்கதிக்குப் பெயர் வைத்துக் கட்டுரை எழுதியவர்கள் சைமன் பாரோ, டிம் ஆம்ப்ளர் என்ற இருவர்; வருஷம் 1996. சரக்குக்குப் பெயர் எடுப்பதுபோல வேலை கொடுப்பவனும் பெயர் எடுக்க வேண்டும், எடுத்தால் ஆள் தானாக வருவான், வந்தவன் போகமாட்டான் என்பது சாரம். குறை சொல்ல முடியாத யோசனை. என்ன, அவர்கள் ஒரு தீபாவளிக்குத் திருப்பூர் வந்து பார்த்திருக்க வேண்டும். போனஸ் 8.33 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 20-ஐத் தாண்ட வேண்டாம் என்று 1965-ன் சட்டம் சொல்லிவைத்தது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் ஊரே ஒரு மாதம் இழுபறியில் கிடக்கும். போனஸ் கைக்கு வந்ததும் பாதிப் பேர் ஊருக்குப் போவார்கள். அதில் எத்தனை பேர் அதே கம்பெனிக்குத் திரும்புவார்கள் என்பது பண்டிகை முடிந்து கேட் திறக்கும்போதுதான் தெரியும்.

சின்னவர் முதலில் சுவரில் கை வைத்தார். ரிசப்ஷனில் மூன்று மொழியில், மூன்று வண்ணத்தில், 'நாம் ஒரே குடும்பம்'. அதற்கு முன்னால் டெய்லர்களை நிறுத்தி வீடியோ எடுத்தார்கள். பேட்லாக் மெஷினில் உட்காரும் அக்கா ஒருவர் மட்டும் எல்லாரும் கேட்கிற மாதிரி ஒரு சந்தேகம் கேட்டார்: “ஏனுங்க, குடும்பம்னு போட்டிருக்குது. அப்ப உங்க தம்பிக்கும் பீஸ் ரேட்டுதானுங்களா?” வீடியோவில் அந்த இடத்தில் பாட்டு வருகிறது.

அதே அக்காவுக்கு அந்த மாதமே சிறந்த ஊழியர் பட்டம் கொடுத்தார்கள். இதில் சின்னவரின் பெருந்தன்மையை மறுக்க முடியாது. பரிசு, நெஞ்சில் 'ஐ லவ் மை கம்பெனி' என்று பிரின்ட் போட்ட டீ-ஷர்ட். அக்கா அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கழுத்துப் பட்டியை விரலால் இழுத்துப் பார்த்தார். உடம்புத் துணி ஒரு நீலம், பட்டி ஒரு நீலம். ஷேடு சேரவில்லை என்று பையர் தள்ளிய லாட். “இதை நாந்தானுங்க தச்சேன்” என்றார். கைதட்டலில் சரியாகக் கேட்கவில்லை.

மாதம் ஒருமுறை ஊக்க உரை உண்டு. மெஷினை நிறுத்தினால் புரொடக்‌ஷன் போய்விடும் என்பதால் ஒன்றரை ஷிப்ட் முடிந்த பிறகு, ராத்திரி எட்டே முக்காலுக்கு. டாடா இரும்பாலையில் 1912-லேயே எட்டு மணி நேர வேலை கொண்டுவந்துவிட்டார்கள், தொழிலாளியை அப்படி மதித்தார்கள் என்று சின்னவர் உருகி உருகிப் பேசுவார். காலை எட்டரைக்கு வந்தவர்கள் நின்றபடி கேட்பார்கள். கடைசி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் மட்டும் டாடாவை நடுவழியில் விட்டுவிட்டு ஓடுவார்கள்.

பையரின் ஆடிட் வருகிற வாரம் கம்பெனி உண்மையிலேயே குடும்பம் ஆகிவிடும், பெண் பார்க்க ஆள் வருகிற குடும்பம். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு வரும், கழிப்பறையில் சோப்பு வரும், தீயணைப்பு சிலிண்டருக்கு முன்னால் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் மாடிக்குப் போகும். ஆடிட்டர் கார் ஏறியதும் எல்லாம் தத்தம் இடம் திரும்பும்.

உண்மையான பிராண்ட் முடிவாகிற இடத்துக்குச் சின்னவர் போனதே இல்லை. பதினோரு மணி டீக்கு பேக்கரி வாசலில் நாலு கம்பெனி ஆட்கள் நிற்பார்கள். அங்கே கேள்விகள் சுருக்கமாக இருக்கும்.

“சனிக்கிழமை எத்தனை மணிக்குச் சம்பளம்?”

“ஏழுங்கறாங்க. ஒம்பது ஆயிருது.”

“பி.எஃப்.?”

“புடிக்கிறாங்க.”

“புடிக்கிறது கெடக்குது, கட்டறாங்களா? போனுக்கு மெசேஜ் வருதா?”

“சூப்பர்வைசர் வாய் எப்படிக்கா?”

“வாய் பரவால்ல கண்ணு. பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்ல.”

டீ ஆறுவதற்குள் ஒரு கம்பெனியின் பெயர் ஏறும் அல்லது இறங்கும். தாழ்ப்பாளுக்கு ஆகிற செலவு, வீடியோக்காரர் குடித்த டீக்குக்கூட வராது.

பெரியவரைத் தெய்வமாக்கவும் நான் தயாரில்லை. அவர் கொடுத்த அட்வான்ஸில் பாதி அன்பு, பாதி கயிறு. கடன் தீராதவன் எங்கே போவான்? ஆனால் 2023 மார்ச்சில், வடமாநிலத்தாரைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பையன்கள் மூட்டை கட்டி ரயிலடிக்குப் போனார்களே, அந்த வாரம் சின்னவர் மூன்று மொழியில் அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தார். பெரியவர் சாயங்காலம் விடுதிக்குப் போய், அரைகுறை இந்தியில் ஒவ்வொருவனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, சப்பாத்தி தின்று, ராத்திரி அங்கேயே பாய் போட்டுப் படுத்தார். அறிக்கை அச்சாகி வந்தபோது அதைப் படிக்கப் போதுமான ஆட்கள் மிஞ்சியிருந்தார்கள்.

போகிறவர்களிடம் காரணம் கேட்டு எழுதிவைப்பது சின்னவரின் புதிய ஏற்பாடு. பீகார்ப் பையன் ஒருவன், ஓவர்லாக்கில் கை நிற்காமல் ஓடுகிறவன், கணக்கு முடிக்க வந்தான். ஊரிலிருந்து சித்தப்பா மகன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரன் என்று ஒரு லைனையே கொண்டுவந்து நிரப்பியவன் அவன். படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் 'மிக நன்று' என்று டிக் அடித்துக் கொடுத்தான்.

“எல்லாமே நல்லா இருக்குதுன்னு போட்டுட்டு ஏப்பா போறே?”

“எதிர் கம்பெனி பி.எஃப். கட்றாங்க சார்.”

அவன் பின்னால் அந்த லைனும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டது. எல்லாரும் 'மிக நன்று'. சின்னவர் கலங்கவில்லை. சராசரி மதிப்பெண் அவ்வளவு உயர்ந்து வந்ததே இல்லை. போனவர்கள் எதிரிகள் அல்ல, முன்னாள் மாணவர்கள் மாதிரி என்று எங்கேயோ படித்திருந்தார். அன்றே எல்லாரையும் சேர்த்து 'என்றும் நம் குடும்பம்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார். இப்போது வேலையில் இருப்பவர்களையும் அதில் போட்டார், உறவு விட்டுப்போகக் கூடாதே.

முதல் மெசேஜ் அன்று ராத்திரியே வந்தது. அந்த ஓவர்லாக் பையன்தான். நாலு டெய்லர், ஆறு செக்கிங் உடனே வேண்டும், சனிக்கிழமை ஆறு மணிக்குச் சம்பளம், கழிப்பறை புதுசு என்று இந்தியில் எழுதி, எதிர் கம்பெனியின் லொகேஷனையும் போட்டிருந்தான். வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. அதில் ஒன்று சின்னவருடையது. அவருக்கு இந்தி படிக்கத் தெரியாது. ஆனால் குடும்பத்தில் யார் எதைப் போட்டாலும் லைக் போட்டுவிடுவது அவர் கொள்கை.